மென்பொருள் உருவாக்கத்தில் ஏஐ உதவியாளர்கள்: எழுதும் வேகமும் சரிபார்க்கும் சுமையும்

மென்பொருள் எழுதுவோருக்கு உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லாம் ஒரே அடித்தளத்தின் மேல் நிற்பவை. மனிதர்கள் எழுதிய நிரல்கள், கட்டுரைகள், கேள்வி பதில்கள் ஆகியவற்றைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட பெரிய மொழி மாதிரிதான் அந்த அடித்தளம். நிரலாளரிடம் அது வந்து சேரும் வடிவங்கள் வேறுபடுகின்றன. எடிட்டரில் தட்டச்சு செய்யும்போதே அடுத்து வரக்கூடிய வரிகளை மங்கலாகக் காட்டி, டேப் விசையை அழுத்தியதும் சேர்த்துவிடுவது ஒரு வடிவம். தனிப் பெட்டியில் கேள்வி கேட்டால் விளக்கமும் நிரலும் தருவது இன்னொன்று. 2024, 2025 ஆண்டுகளில் பரவிய புது வடிவத்தை ஏஜென்ட் என்கிறார்கள். வேலையைச் சொல்லிவிட்டால் அது கோப்புகளைத் தானே திறந்து படிக்கும், திருத்தும், சோதனைகளை ஓட்டும், சோதனை தோற்றால் பிழைச்செய்தியைப் படித்துவிட்டு மறுபடி திருத்தும். கிட்ஹப் கோபைலட், கர்சர், கிளாட் கோட், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் கோடெக்ஸ் ஆகியவை இன்று பரவலாகப் பேசப்படும் கருவிகள்.

நிரலாளர்களுக்கான கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2025இல் நடத்திய கருத்தாய்வில், பங்கேற்றவர்களில் 84 சதவீதம் பேர் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதாகவோ பயன்படுத்தத் திட்டமிட்டிருப்பதாகவோ கூறினர். கருவிகள் தரும் விடை சரியாக இருக்கும் என்று நம்புவோர் 33 சதவீதம், நம்பாதோர் 46 சதவீதம். பயன்பாடு இவ்வளவு பரவிய பிறகும் நம்பிக்கை பின்தங்கியிருப்பதற்குக் காரணம் இந்தக் கருவிகளின் இயல்பிலேயே இருக்கிறது. அவை நிரலை எழுதும் உழைப்பை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. எழுதப்பட்ட நிரல் சரிதானா, தேவைக்குப் பொருந்துகிறதா என்று உறுதிசெய்யும் உழைப்பு அதே அளவுக்குக் குறையவில்லை. உதவியாளர்களின் பயனைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றுவதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே முதன்மைக் காரணம்.

கம்பைலரிலிருந்து மொழி மாதிரி வரை

நிரல் எழுதும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் முயற்சி கணினித் துறை அளவுக்கே பழையது. கிரேஸ் ஹாப்பர் 1952இல் உருவாக்கிய ஏ-0 அமைப்பும், ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐபிஎம் குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியும் அந்தக் காலத்தில் தானியங்கி நிரலாக்கம் என்றே அழைக்கப்பட்டன. கணினியின் அடிப்படைக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, கணிதச் சூத்திரம்போல எழுதினால் போதும் என்பது பெரிய விடுதலை. இன்றைய ஏஐ உதவியாளரும் அந்த வரிசையில் அடுத்த படி என்று சிலர் சொல்வதுண்டு. அந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். ஃபோர்ட்ரான் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கு ஒரே நிரலை எத்தனை முறை கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும்; எந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பது மொழியின் இலக்கணத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதனால் கம்பைலர் தரும் இயந்திரக் கட்டளைகளை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. மொழி மாதிரிக்கு மனிதர் தரும் கட்டளை சாதாரணப் பேச்சு. அதற்குப் பல பொருள் கொள்ளலாம், ஒரே கட்டளைக்கு இருமுறை இரு வேறு நிரல் வரலாம். ஆகவே வந்ததைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நிரலையும் மொழியைப் போலவே கணிக்கலாம் என்பதற்கு வலுவான சான்று 2012இல் கிடைத்தது. அபிராம் ஹிண்டில், பிரேம்குமார் தேவன்பு முதலியோர் மென்பொருளின் இயல்புத்தன்மை பற்றி வெளியிட்ட ஆய்வில், மனிதர் எழுதும் நிரல் ஆங்கில உரையைவிடக் கூடுதலாகத் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைக் கொண்டது என்று காட்டினர். முந்தைய சில சொற்களைப் பார்த்து அடுத்த சொல்லைக் கணிக்கும் எளிய புள்ளியியல் மாதிரிகளே அந்த வடிவங்களைப் பிடிக்கப் போதுமானவையாக இருந்தன. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற நரம்பு வலையமைப்பை வெளியிட்ட பிறகு, சில சொற்கள் என்ற எல்லை ஆயிரக்கணக்கான சொற்களாக விரிந்தது.

ஓப்பன்ஏஐ 2021 ஜூலையில் வெளியிட்ட கோடெக்ஸ் ஆய்வறிக்கை (இன்று அதே பெயரில் உள்ள கருவிக்கு முந்தைய மாதிரி பற்றியது) இத்துறையின் திருப்புமுனை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் கிடந்த 5.4 கோடிக் களஞ்சியங்களிலிருந்து திரட்டி வடிகட்டிய 159 ஜிகாபைட் பைத்தான் நிரலைக் கொண்டு 1,200 கோடி அளவுருக்கள் உள்ள மாதிரி ஒன்று பயிற்றுவிக்கப்பட்டது. அதை அளக்க 164 சிறு நிரலாக்கக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. பொது உரைக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட ஜிபிடி-3 அவற்றில் ஒன்றைக்கூடத் தீர்க்கவில்லை. கோடெக்ஸ் முதல் முயற்சியிலேயே 28.8 சதவீதத்தைத் தீர்த்தது. ஒவ்வொரு கணக்குக்கும் 100 விடைகள் எழுத விட்டபோது, ஏறத்தாழ 70 சதவீதக் கணக்குகளில் அந்த நூற்றில் ஒரு விடையாவது சரியாக இருந்தது.

பின்னால் வந்த சர்ச்சைகளையெல்லாம் புரிந்துகொள்ள அந்த இரு எண்களுக்கு இடையிலான தூரம் உதவும். 29 சதவீதத்தை 70 ஆக்கியது மாதிரியின் அறிவு மட்டுமல்ல. நூறு விடைகளில் எது சரி என்று சொல்ல ஒவ்வொரு கணக்குக்கும் சோதனைகள் தயாராக இருந்தன. அவை இல்லாவிட்டால் நூறு விடைகளும் ஒன்றுபோலவே நம்பத்தக்கவையாகத் தோன்றியிருக்கும். அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒருவர் நூறையும் படித்திருக்க வேண்டும்.

கோடெக்ஸை உள்ளே வைத்து 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்த கிட்ஹப் கோபைலட், 2022 ஜூனில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்ததும், நிரல் கேட்டு வாங்கும் பழக்கம் துறைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அடுத்த கேள்வி, சிறு கணக்குகளைத் தாண்டி உண்மையான மென்பொருளில் இவை என்ன செய்யும் என்பது. 2023 அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் வெளியிட்ட எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பு, 12 புகழ்பெற்ற பைத்தான் திட்டங்களில் பயனர்கள் தெரிவித்த 2,294 உண்மையான சிக்கல்களை மாதிரிகளின் முன் வைத்தது. அப்போது முன்னணியில் இருந்த மாதிரி தீர்த்தது 1.96 சதவீதம். மனிதர்கள் சரிபார்த்துத் தேர்ந்த 500 சிக்கல்கள் கொண்ட உட்பிரிவில் 2025இல் முன்னணி மாதிரிகள் 70 சதவீதத்தைத் தாண்டின. இரண்டு ஆண்டுகளில் இது அசாத்தியமான முன்னேற்றம். ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாமே இணையத்தில் பொதுவில் இருப்பவை. மாதிரிகள் பயிற்சியின்போதே விடைகளைப் பார்த்திருக்கக்கூடும் என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே நீடிக்கிறது. தீர்வு சரியா என்று சொல்லும் சோதனைகள் இங்கேயும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன என்பதும் கவனிக்கத்தக்கது.

வேகம் கூடியதா?

2023இல் வெளியான ஓர் ஆய்வில், ஒப்பந்த வேலைத் தளமான அப்வொர்க்கின் வழியாகச் சேர்க்கப்பட்ட 95 நிரலாளர்கள் ஜாவாஸ்கிரிப்டில் ஓர் எளிய எச்டிடிபி சர்வரை எழுதப் பணிக்கப்பட்டனர். கோபைலட் வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட 55.8 சதவீதம் விரைவாக முடித்தனர். விளம்பரங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட எண் இது. மைக்ரோசாஃப்ட், அக்சென்ச்சர், பெயர் வெளியிடப்படாத இன்னொரு பெருநிறுவனம் ஆகியவற்றில் 4,867 நிரலாளர்களை வைத்து நடந்த களப் பரிசோதனைகளில், உதவியாளர் கிடைத்தவர்கள் முடித்த பணிகள் சராசரியாக 26 சதவீதம் கூடின. அனுபவம் குறைந்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது.

இவற்றுக்கு நேர் எதிரான முடிவு 2025 ஜூலையில் வந்தது. மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, பெரிய திறந்த மூலத் திட்டங்களில் ஆண்டுக்கணக்கில் பங்களித்துவரும் 16 அனுபவசாலிகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் தங்கள் சொந்தத் திட்டங்களில் செய்ய வேண்டியிருந்த 246 வேலைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றை ஏஐ உதவியோடும் மற்றவற்றை அது இல்லாமலும் செய்யச் சொன்னது. அன்றைய முன்னணிக் கருவிகளே கொடுக்கப்பட்டன. ஏஐ அனுமதிக்கப்பட்ட வேலைகள் முடிய 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. தொடங்கும் முன், நேரம் 24 சதவீதம் மிச்சமாகும் என்று அந்த நிரலாளர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும், 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள்.

தங்கள் துறையில் தேர்ந்தவர்களுக்கே தங்கள் வேகம் கூடியதா குறைந்ததா என்று தெரியவில்லை என்பது இந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி. நிறுவனங்கள் ஊழியர்களிடம் படிவம் கொடுத்து எவ்வளவு நேரம் மிச்சமானது என்று கேட்டுத் தொகுக்கும் எண்களை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. திரைப் பதிவுகளை வகைப்படுத்திப் பார்த்தபோது காரணமும் ஓரளவு தெரிந்தது. உதவியாளர் இருந்தபோது நேரடியாக நிரல் எழுதிய நேரம் குறைந்திருந்தது. கட்டளை எழுதவும், விடைக்குக் காத்திருக்கவும், வந்ததைப் படித்துச் சரிபார்க்கவும் நேரம் போயிருந்தது. வந்த நிரலில் பாதிக்கும் குறைவாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இந்த ஆய்வுகளை ஒன்றோடொன்று மோதவிடத் தேவையில்லை. எச்டிடிபி சர்வர் என்பது பல்லாயிரம் பேர் ஏற்கெனவே எழுதிப் பொதுவில் போட்டது. சரியாக வேலை செய்கிறதா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். மீட்டர் ஆய்வின் நிரலாளர்களோ சராசரியாகப் பத்து லட்சம் வரிகளுக்கு மேற்பட்ட திட்டங்களில் வேலை செய்தவர்கள். எந்தச் செயல்கூறை எங்கே மாற்றினால் எது உடையும், திட்டத்தின் மற்ற பராமரிப்பாளர்கள் எதை ஏற்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் மனதில் இருந்தது, கோப்புகளில் இல்லை. உதவியாளருக்குத் தெரியாத அந்த அறிவைக் கட்டளையாக எழுதிக் கொடுப்பதைவிட, நிரலைத் தாமே எழுதிவிடுவது விரைவாக இருந்தது. 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கருவிகளும் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன. ஆகவே அந்த 19 சதவீதத்தை எங்கும் பொருந்தும் விதியாகக் கொள்ள முடியாது.

தனிநபர் வேகத்தோடு கணக்கு முடிவதும் இல்லை. கூகுளின் டோரா ஆய்வுக்குழு 2024 அறிக்கையில், ஏஐ பயன்பாடு 25 சதவீதம் கூடும்போது மென்பொருள் வெளியீட்டின் நிலைத்தன்மை 7.2 சதவீதம் குறைவதாக மதிப்பிட்டது. எளிதில் நிரல் கிடைப்பதால் ஒவ்வொரு மாற்றமும் பெரிதாகிவிடுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் கருத்து. பெரிய மாற்றத்தைப் படித்துப் பார்ப்பது கடினம், உடைந்தால் எங்கே உடைந்தது என்று தேடுவது அதைவிடக் கடினம்.

ஒரு பைசா வேறுபாடு

சரிபார்ப்பு ஏன் இவ்வளவு கடினம் என்பதை ஒரு சிறிய நிரலை அருகில் வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு பில்லிங் மென்பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை மத்திய வரி, மாநில வரி என்று இரு பாதிகளாகப் பிரிக்கும் செயல்கூறு தேவை என்று வைத்துக்கொள்வோம். உதவியாளர் சில நொடிகளில் பத்து வரி எழுதித் தரும். சோதனைகளும் எழுதச் சொன்னால் 100 ரூபாய்க்கு 9, 9 என்றும் 1,000 ரூபாய்க்கு 90, 90 என்றும் எழுதி, எல்லாம் தேறியதாகக் காட்டும்.

பொருளின் விலை 99.50 ரூபாயாக இருக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. மொத்த வரி 17.91 ரூபாய். ஒவ்வொரு பாதியும் 8.955 ரூபாய். பாதிகளைத் தனித்தனியே பைசாவுக்கு முழுமையாக்கினால் 8.96, 8.96, கூட்டினால் 17.92. பில்லில் ஒரு பைசா கூடிவிட்டது. மொத்தத்தைக் கணக்கிட்டுவிட்டு ஒரு பாதியை 8.96 என்றும் மறுபாதியை 8.95 என்றும் வைத்தால் கூட்டல் சரியாகும், ஆனால் சமமாக இருக்க வேண்டிய இரு வரிகள் சமமாக இருக்காது. பைசாவை எந்தக் கட்டத்தில் முழுமையாக்க வேண்டும், ஒவ்வொரு பொருளுக்குமா, பில்லின் மொத்தத்துக்கா என்பதை முடிவுசெய்ய வேண்டியது சட்டமும் அந்த நிறுவனத்தின் கணக்கரும். பத்து வரி நிரலில் அந்த முடிவு எங்கோ எடுக்கப்பட்டிருக்கும்; எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே படிப்பவர் கண்ணில் படாது. நிரலும் சோதனையும் ஒரே மாதிரியிடமிருந்து வந்தால், நிரலில் விட்டுப்போனது சோதனையிலும் விட்டுப்போகிறது.

தமிழ் உரையைக் கையாளும் நிரலில் இதே போன்ற ஓட்டை இன்னும் எளிதாக நுழையும். "தமிழ்" என்ற சொல்லில் படிப்பவருக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், பைத்தானின் நீளக் கட்டளை ஐந்து என்று சொல்லும். பெயரை முதல் ஆறு எழுத்தோடு வெட்டும் நிரல் ஆங்கிலப் பெயர்களில் ஒழுங்காக ஓடும். "முருகன்" வந்தால் புள்ளியை வெட்டி "முருகன" என்று அச்சிடும். சோதனைத் தரவில் ஒரு தமிழ்ப் பெயராவது இருந்தால்தான் இது வெளிப்படும். அதைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுவது பயனர் யார் என்று தெரிந்தவருக்குத்தான்.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நார் 1985இல் எழுதிய கட்டுரையில், நிரலாக்கத்தின் உண்மையான விளைபொருள் நிரலாளர்கள் மனதில் உருவாகும் கோட்பாடு என்றார். எதற்காக இந்த அமைப்பு, ஏன் இப்படி, எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற புரிதல் அது. அந்தப் புரிதல் உள்ள குழு கலைந்துவிட்டால், நிரல் முழுதாக இருந்தும் மென்பொருள் செத்துப்போனதற்குச் சமம் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே இன்னொரு கணினி அறிஞரான ஃபிரெட் புரூக்ஸ், மென்பொருளின் சிக்கலில் தற்செயலானது, சாரமானது என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். மொழியின் இலக்கணம், கருவிகளின் தொல்லை போன்றவை முதல் வகை. என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது இரண்டாவது. ஏஐ உதவியாளர் முதல் வகைத் தொல்லைகளைப் பெருமளவு நீக்குகிறது. வரி முழுமையாக்கல் போன்ற இரண்டாவது வகை முடிவுகளை அது நீக்குவதில்லை. யாரும் கேட்காமலே ஒரு முடிவை எடுத்து நிரலுக்குள் வைத்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த இரு கட்டுரைகளும் இன்றைய நிலைமைக்கு இவ்வளவு பொருந்துவது, சிக்கலின் வேர் கருவியில் மட்டும் இல்லை என்பதைக் காட்டுகிறது.

பாதுகாப்பு

பொதுவில் கிடக்கும் நிரலில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கின்றன. பயனர் தட்டியதை அப்படியே டேட்டாபேஸ் கட்டளையோடு ஒட்டும் பழைய ஆபத்தான வழக்கம் ஆயிரக்கணக்கான பாடங்களிலும் திட்டங்களிலும் உள்ளது. அதைப் படித்த மாதிரி அதையே திரும்ப எழுதுவதில் வியப்பில்லை. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் பாதுகாப்புக்கு முக்கியமான 89 சூழல்களைக் கோபைலட்டிடம் கொடுத்து 1,689 நிரல்களைப் பெற்றனர். ஏறத்தாழ 40 சதவீதத்தில் பாதுகாப்புக் குறை இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் 2022இல் 47 பேரை வைத்து நடந்த ஆய்வு மனிதர் பக்கத்தைப் பார்த்தது. உதவியாளரைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலான பணிகளில் பாதுகாப்புக் குறைந்த நிரலை எழுதினார்கள், ஆனால் தங்கள் நிரல் பாதுகாப்பானது என்று கூடுதலாக நம்பினார்கள். மீட்டர் ஆய்வில் வேகத்தைப் பற்றி இருந்த அதே தவறான நம்பிக்கை இங்கே பாதுகாப்பைப் பற்றி இருந்தது.

புதிதாக முளைத்த ஆபத்து ஒன்றும் உண்டு. மொழி மாதிரிகள் சில நேரம் இல்லாத நூலகத்தின் பெயரைச் சொல்லி, அதை நிறுவச் சொல்கின்றன. 16 மாதிரிகளிடம் 5,76,000 நிரல்துண்டுகள் பெற்று ஆராய்ந்த ஓர் ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட நூலகங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகில் இல்லாதது. கட்டண மாதிரிகளில் இது 5 சதவீத அளவு. திறந்த மாதிரிகளில் 20 சதவீதத்துக்கு மேல். பல பெயர்கள் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன என்பதுதான் கவலைக்குரியது. அந்தப் பெயரில் தீய நிரல் ஒன்றை யாராவது முன்கூட்டியே பதிவேற்றி வைத்தால், உதவியாளர் சொன்னபடி நிறுவுபவர் அதைத் தம் கணினிக்குள் தாமே அழைத்துக்கொள்வார்.

ஏஜென்ட்கள் இந்த ஆபத்தை இன்னொரு படி உயர்த்துகின்றன. மாதிரிக்கு உரிமையாளர் தரும் கட்டளையும், அது படிக்கும் கோப்பில் இருக்கும் வாசகமும் ஒரே உரையாகவே போய்ச் சேர்கின்றன. இணையப் பக்கத்திலோ பிழைப் புகாரிலோ யாரேனும் மறைத்து எழுதிய கட்டளையையும் அது தனக்கு இட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும். இதற்கு முழுமையான தீர்வு இன்னும் இல்லை. உண்மையான வாடிக்கையாளர் தரவும் கடவுச்சொற்களும் இல்லாத தனி இயக்கச் சூழலில் ஏஜென்டை அடைத்து வைப்பதும், அழிக்கும் கட்டளைகளுக்கு மனித ஒப்புதலைக் கட்டாயமாக்குவதும்தான் இப்போதைக்குக் கைவசமுள்ள காப்பு.

பலன் தரும் இடங்கள்

சரிபார்ப்பு மலிவாகக் கிடைக்கும் வேலைகளில் உதவியாளரின் பலன் ஐயத்துக்கு இடமில்லாதது. கூகுள் தன் விளம்பர மென்பொருளில் 32 பிட் அடையாள எண்களை 64 பிட்டுக்கு மாற்றிய வேலை இதற்கு நல்ல சான்று. ஆயிரக்கணக்கான கோப்புகளில் சிதறிக்கிடந்த, சலிப்பூட்டும், ஆனால் தவறவிடக் கூடாத வேலை அது. 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி மாற்றங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை மொழி மாதிரியே எழுதியது. மொத்த நேரம் பாதியாகக் குறைந்ததாகப் பொறியாளர்கள் மதிப்பிட்டனர். முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கே ஐயமின்றித் தெரியும். ஒவ்வொரு மாற்றத்தையும் முன்பே இருந்த சோதனைகள் வடிகட்டின, பிறகு பொறியாளர்கள் படித்தார்கள்.

பழக்கமில்லாத நிரலைப் படித்து விளக்கச் சொல்வது, பிழைச்செய்திக்குக் காரணம் தேடுவது, ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூக்கியெறியும் சிறு நிரல்கள், ரெகுலர் எக்ஸ்பிரஷன், ஒரு யோசனையைக் காட்டிப் பார்க்கும் முன்மாதிரி ஆகியவற்றிலும் இப்படித்தான். ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பதி 2025 பிப்ரவரியில் வைப் கோடிங் என்று பெயரிட்ட, நிரலைப் படிக்காமலே விளைவை மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளும் முறை, வார இறுதி விளையாட்டுத் திட்டங்களுக்காக அவர் சொன்னது. அதையே மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் கொண்டுபோவது பொறுப்பற்ற செயல்.

கற்பவர்களின் நிலைமை

சரிபார்க்கத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது இந்தத் துறை இன்னும் விடை காணாத கேள்வி. இதுவரை அவர்கள் எளிய நிரல்களை எழுதி, பிழை செய்து, மூத்தவர்களிடம் திருத்தம் பெற்று உருவானார்கள். அந்த எளிய வேலையைத்தான் உதவியாளர்கள் முதலில் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்க ஊதியத் தரவுகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில், 22 முதல் 25 வயது வரையிலான மென்பொருள் நிரலாளர்களின் வேலைவாய்ப்பு 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. மூத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. வட்டிவிகித உயர்வு, கொரோனா காலத்து அளவுமீறிய ஆள்சேர்ப்பு போன்ற பிற காரணங்களும் இதில் கலந்திருக்கலாம் என்பதால் முழுப் பழியையும் ஏஐ மேல் போட முடியாது.

கற்றலைப் பற்றிய சான்று இன்னும் தெளிவானது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2026 ஜனவரியில் வெளியிட்ட பரிசோதனையில், 52 நிரலாளர்கள் தங்களுக்குப் புதிதான ஒரு பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்தி வேலை செய்தார்கள். பிறகு நடந்த தேர்வில் ஏஐ உதவி பெற்றவர்கள் சராசரியாக 50 சதவீதமும், கையால் எழுதியவர்கள் 67 சதவீதமும் பெற்றனர். உதவி பெற்றவர்களிலும், நிரலை வாங்கி ஒட்டாமல் ஏன், எப்படி என்று விளக்கம் கேட்டவர்கள் நன்றாகவே செய்தார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஐடி நிறுவனங்களில் பயிற்சியாளராகச் சேர்ந்து வேலை கற்றுக்கொள்ளும் பொறியியல் பட்டதாரிகளுக்கு இந்த வேறுபாடு நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் நிரலாக்கப் பாடத்தில் மற்றவர் எழுதிய நிரலைப் படிப்பதற்கும் சோதனை எழுதுவதற்கும் தனி இடம் தேவைப்படுகிறது. எழுதிக் காட்டும் ஆய்வகத் தேர்வு மட்டும் இனிப் போதாது.

பொறுப்பு யாருடையது

திறந்த மூலத் திட்டங்கள் இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தன. அங்கே நிரல் எழுதி அனுப்புபவர் யாராகவும் இருக்கலாம், படித்துப் பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். உலகெங்கும் கோடிக்கணக்கான கருவிகளில் இயங்கும் கர்ல் மென்பொருளின் நிறுவனர் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய பொய்யான பாதுகாப்புப் புகார்கள் தம் குழுவின் நேரத்தை விழுங்குவதாக 2024 ஜனவரியிலேயே எழுதினார். புகார்கள் பிழையற்ற ஆங்கிலத்தில், தொழில்நுட்பச் சொற்களோடு, உண்மைபோலவே இருக்கும். அவற்றில் சொல்லப்படும் ஓட்டை மட்டும் நிரலில் இருக்காது. பொய் என்று கண்டுபிடிக்கப் பல மணி நேரம் செலவாகும். 2026 ஜனவரி இறுதியில் அந்தத் திட்டம் பிழை கண்டுபிடிப்போருக்குப் பணப்பரிசு தருவதையே நிறுத்திவிட்டது. இடையில் 2025இல், ஏஐ கருவிகளைக் கொண்டு ஆராய்ந்து ஒருவர் அனுப்பிய பட்டியலிலிருந்து உண்மையான பிழைகள் பல திருத்தப்பட்டன, ஸ்டென்பெர்க் அதை மனதாரப் பாராட்டினார். இரு தரப்பும் பயன்படுத்தியது ஒரே வகைத் தொழில்நுட்பம். அனுப்பும் முன் புரிந்துகொண்டு சரிபார்த்த ஒரு மனிதர் இருந்தாரா என்பதே வேறுபாடு.

பதிப்புரிமைச் சிக்கல் தனி. பயிற்சிக்கு எடுத்த நிரல்களின் உரிம நிபந்தனைகள் மீறப்பட்டதாகக் கிட்ஹப், மைக்ரோசாஃப்ட், ஓப்பன்ஏஐ மீது 2022 நவம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. திறந்த மூல இயக்குதளங்களான ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலிலும் நெட்பிஎஸ்டி அடுத்த மாதமும் இத்தகைய உரிமக் கவலையையும் கருதி ஏஐ எழுதிய நிரலுக்குத் தடை விதித்தன. நெட்பிஎஸ்டி முன் அனுமதியோடு மட்டும் விலக்கு அளிக்கிறது.

ஃபெடோரா லினக்ஸ் வேறு வழியில் போனது. அதன் ஆட்சிக்குழு 2025 அக்டோபரில் ஏற்ற கொள்கை ஏஐ உதவியை அனுமதிக்கிறது. கணிசமாக உதவி பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்தக் கருவி எழுதியிருந்தாலும் நிரலுக்கு ஆசிரியர் அதை அனுப்பியவரே, முழுப் பொறுப்பும் அவருடையதே. மறுபரிசீலனை செய்பவரும் கருவியின் உதவியைப் பெறலாம். ஒரு பங்களிப்பை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவைக் கருவியிடம் மட்டும் விட முடியாது. தடையைவிட இந்த ஏற்பாடே நடைமுறைக்கு உகந்தது. நிரலை எந்தக் கருவி எழுதியது என்று வெளியிலிருந்து உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. அனுப்பியவரிடம் அதைப் பற்றிக் கேள்வி கேட்டு, அவர் அதைப் புரிந்துகொண்டிருக்கிறாரா என்று அறிய எப்போதும் வழி உண்டு.